ஒரு மாத்திரைக்கு எத்தனை செகண்டு?

“டீச்சர், ஒரு மாத்திரைக்கு எத்தனை செகண்டு?”

ஜூலை மாதம், ஆறாம் வகுப்பு, மூன்றாவது பீரியட். நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், காலத்துக்கு வினாடி என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், இரண்டாவது வரிசைப் பூக்காரம்மா மகள் எழுந்து நிற்கிறாள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை. அதற்கும் செகண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தேன். அப்புறம்தான் புரிந்தது, முந்தின பீரியட் தமிழ். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, ஆய்தத்துக்கும் அரை என்று தமிழ் ஐயா நடத்திவிட்டுப் போயிருக்கிறார். மாத்திரை என்பது கால அளவு என்று அவர் சொன்னார். காலத்துக்கு அலகு வினாடி என்று நான் எழுதிப் போட்டேன். அவள் கேட்டதில் என்ன தப்பு?

“ஐயாவைக் கேட்டுச் சொல்றேன்” என்று தப்பித்துக்கொண்டேன்.

எங்களுடையது நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை. ஆறு, ஏழு, எட்டு மூன்றும் அரசுக் கணக்கில் உயர் தொடக்க வகுப்புகள். ஆறாம் வகுப்பில் 26 பேர். பாதிப் பேர் வீட்டில் மல்லிகை பறிக்கவோ கட்டவோ போகிறார்கள்; மற்ற வீடுகளில் கொத்து வேலை, ஆடு, பெட்டிக்கடை. நான் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். சமூக அறிவியல் டீச்சர் ஜூனில் மகப்பேறு விடுப்பில் போனதால் அதுவும் என் தலையில் விழுந்தது. தமிழ் ஐயாவுக்குப் பயிற்சி, கூட்டம் என்று வட்டார வள மையத்திலிருந்து அழைப்பு வரும் நாள்களில் தமிழ் வகுப்பிலும் நான்தான் போய் நிற்க வேண்டும். புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் (கொஞ்சம் புலம்பல்தான்). இப்படி நாலு பாடத்திலும் கால் வைக்க நேர்ந்ததால்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

நான் படித்த காலத்தில் வருஷம் முழுக்க ஒரே புத்தகம். அரையாண்டு வருவதற்குள் அட்டை போயிருக்கும். 2012-13-இல் முப்பருவ முறை வந்த பிறகு பருவத்துக்குப் பருவம் புதுப் புத்தகம். ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில் முடிவது முதல் பருவம். ஆறாம் வகுப்புக்கு இப்போது கையில் இருக்கும் பாடநூல் 2018-இல் வந்தது. கொரோனா மூடலை விட்டுவிட்டால், அன்றிலிருந்து வருஷா வருஷம் இதே வரிசைதான். அறிவியலில் அளவீடுகள், விசை, பருப்பொருள், தாவரம், விலங்கு. கணக்கில் பெரிய எண்கள், இயற்கணிதத்துக்கு ஓர் அறிமுகம், விகிதம், வடிவியல். தமிழில் எழுத்துகளின் வகை, வலசை போகும் பறவைகள், எந்திர மனிதன். சமூக அறிவியலில் சிந்துவெளி, தமிழ்நாட்டின் பழைய நகரங்கள், சூரியக் குடும்பம். சந்தையில் ஆளுக்கொரு கடையில் வாங்கி ஒரே பையில் போட்ட சாமான் மாதிரி இருக்கும். எனக்கும் இத்தனை வருஷம் அப்படித்தான் தெரிந்தது.

அன்று மத்தியானம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் வாயைத் திறக்காமல் கையை நீட்டினார். கட்டை விரலையும் நடு விரலையும் சேர்த்தார். “சொடுக்கணும்னு நினைச்சாச்சா? அது கால். விரலை ஊன்றியாச்சு, அரை. முறுக்கியாச்சு, முக்கால்.” டக். “விட்டாச்சு, ஒண்ணு.”

இது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. உன்னல் காலே, ஊன்றல் அரையே, முறுக்கல் முக்கால், விடுத்தல் ஒன்றே என்று பழைய சூத்திரமே இருக்கிறது. தொல்காப்பியமும் ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்றுதான் சொல்கிறது. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். செகண்டு என்பதற்கு நாம் இப்போது ‘நொடி’ என்கிறோமே, அதுவே விரல் சொடுக்குதான் என்பது இத்தனை வயதுக்கு அப்புறம் எனக்கு உறைத்தது. நினைப்பதற்கே கால் மாத்திரை ஒதுக்கி வைத்த அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தக் காலை எந்தக் கடிகாரத்தை வைத்து அளப்பது?

மறுநாள் கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, ஆளுக்கு 20 சொடுக்குப் போடச் சொன்னேன். ஒருத்தன் 7 வினாடியில் முடித்தான். ஒருத்திக்கு 13 ஆனது. மூன்று பேருக்குச் சொடுக்கே வரவில்லை. சரி, கண்ணை இமையுங்கள் என்றேன். எண்ணுகிறவர்களுக்குச் சிரிப்பு வந்து கணக்கு விட்டுப்போயிற்று. 20 சொடுக்குக்கு எனக்கு 10 வினாடி. அப்படியானால் ஒரு மாத்திரை அரை வினாடி என்று எழுதப் போனேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஐயா குறுக்கே வந்தார்.

“அப்படி எழுதிராதீங்க டீச்சர். படபடன்னு பேசுறவனுக்கும் குறில் ஒண்ணு, நெடில் ரெண்டுதான். இழுத்துப் பேசுறவனுக்கும் அதேதான். ஒண்ணுக்கு ஒண்ணு எவ்வளவுங்கிறதுதான் அங்க பேச்சு.”

ஒன்றுக்கொன்று எவ்வளவு என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் விகிதம் என்று பெயர். அந்தப் பாடத்தை நான் ஆகஸ்டுக்கு வைத்திருந்தேன்.

பூக்காரம்மா மகள் அதோடு விடவில்லை. “எங்கம்மா ‘பூவேஏஏஏய்’னு கூப்பிடுறது எத்தனை மாத்திரை ஐயா?” இதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பாடும்போதும், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போதும், சாமான் விற்கும்போதும் எழுத்து தன் அளவைத் தாண்டி ஒலிக்கலாம் என்று நன்னூல் விட்டுக்கொடுத்திருக்கிறது. ‘இசை விளி பண்டமாற்று’ என்று சூத்திரத்திலேயே வருகிறது. சுமார் 800 வருஷத்து நூல். “உங்கம்மா இலக்கணப்படிதான் கத்துறாங்க, போ” என்றார் ஐயா. அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் ஆறேழு பிள்ளைகள் விரலை மடக்கிக்கொண்டே பூக்காரம்மா பின்னால் நடந்ததாகக் கேள்வி.

அளவீடுகள் பாடத்தில் மேசையைச் சாணால் அளக்கச் சொல்வது வழக்கம். ஒருத்தனுக்கு 7 சாண் வரும், ஒருத்திக்கு எட்டரை வரும். ‘பார்த்தீர்களா, ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதனால்தான் மீட்டர்’ என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் வரும் இடமாறு தோற்றப் பிழைக்குப் போய்விடலாம். இத்தனை வருஷமும் அப்படித்தான் போனேன். இந்த முறை முழத்தில் மாட்டிக்கொண்டோம்.

“எங்கம்மா கை சின்னது. ஆனா முழம் பெரிசு” என்றாள் அதே பெண். எப்படி? முழங்கையிலிருந்து நடு விரல் நுனி வரை அளந்து, அதைத் தாண்டி நாலு பூவை விட்டுத்தான் கிள்ளுவாராம். இல்லாவிட்டால் வாங்குகிறவர்கள் முகம் மாறிவிடும். இன்னொரு பையன் தன் அத்தையைக் காட்டிக்கொடுத்தான்: சரத்தைத் தொய்வாகப் பிடித்து அளந்தால் வாங்குகிறவருக்கு லாபம், இழுத்துப் பிடித்தால் விற்கிறவருக்கு லாபம். பிறகு ஒரு கேள்வி எழுந்தது. பூவைக் காலையில் கிலோவில் வாங்குகிறார்கள், சாயங்காலம் முழத்தில் விற்கிறார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை முழம்?

எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்குப் பட்டியல் கிடையாது. வகுப்பிலேயே அடிதடி மாதிரி ஆகிவிட்டது. நெருக்கிக் கட்டினால் முழம் குறையும், இடம்விட்டுக் கட்டினால் கூடும். மொட்டு என்றால் ஒரு கணக்கு, விரிந்த பூ என்றால் ஒரு கணக்கு. விடிகாலைப் பனியோடு நிறுத்தால் தண்ணீரும் சேர்ந்து எடை போடும். ஆடியில் கல்யாணம் இல்லாமல் விலை படுத்துக் கிடந்தால் நெருக்கிக் கட்டுவார்கள். ஆவணி முகூர்த்தத்தில் விலை ஏறினால் சரம் தானாகவே இளைத்துவிடும். ‘மாறி’ என்று கணக்கில் ஒரு சொல் இருக்கிறது, இயற்கணிதத்தில் அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று ஜூன் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே பத்து மாறிகளை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரவர் வீட்டில் எதை எதால் அளக்கிறார்கள் என்று எழுதி வரச் சொன்னேன். நிலம் சென்ட்டில், தங்கம் பவுனில் (அது 8 கிராம் என்று ஐந்து பேருக்குத் தெரிந்திருந்தது), வீடு அடியில், டிவி இஞ்சில், சட்டைத்துணி மீட்டரில், தைக்கும்போது மறுபடி இஞ்சில். 1957 ஏப்ரல் 1 வரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, அன்றிலிருந்துதான் 100 பைசா, அடுத்த வருஷம் மெட்ரிக் எடைகளும் வர ஆரம்பித்தன என்று சொன்னபோது, இத்தனை வருஷமாகியும் டீச்சர் ஊரில் ஒன்றும் மாறவில்லையே என்பதுபோல் பார்த்தார்கள்.

கிலோகிராமுக்கு நல்ல வரவேற்பு. 1889 முதல் பாரிஸ் பக்கத்தில் பூட்டி வைத்த ஓர் உலோக உருளைதான் உலகத்துக்கே கிலோ. அதன் நகல்களில் 57-ஆம் எண் நம் நாட்டுக்கு வந்து டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது என்றேன். “அது தேஞ்சு போச்சுன்னா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சரியாக அதுதான் நடந்தது. சுமார் நூறு வருஷத்தில் மூல உருளைக்கும் நகல்களுக்கும் இடையே ஒரு 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. எது தேய்ந்தது, எது ஏறியது என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் கிலோ என்பதே அந்த உருளைதான். கடைசியில் 2019 மே 20 அன்று உருளையை விட்டுவிட்டுப் பிளாங்க் மாறிலியைப் பிடித்துக்கொண்டார்கள். பிளாங்க் மாறிலி என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் ஐயாவிடம் ஓடியிருப்பேன்.

ஆகஸ்டில் சிந்துவெளி. சமூக அறிவியல் டீச்சர் போனில் எச்சரித்திருந்தார்: “பெருங்குளம், வடிகால், களஞ்சியம், முத்திரை. இதைச் சொல்லிட்டு விட்டுருங்க, நான் வந்து பார்த்துக்கிறேன்.” எனக்கு அந்தப் பக்கத்தில் கண் போனது செங்கலில். அங்கே சுட்ட செங்கற்களின் உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கின்றன. ஊர் எங்கே இருந்தாலும், செங்கல் பெரிதோ சிறிதோ, பெரும்பாலும் இதே விகிதம். ஏன் என்று கேட்டேன். வாய் திறக்காத கொத்தனார் மகன் முதல் தடவையாகத் திறந்தான்.

“நம்ம செங்கலும் ஒம்பதுக்கு நாலரைக்கு மூணு, டீச்சர். நீளம் அகலத்துல ரெண்டு மடங்கு இருக்கணும். அப்பதான் ஒரு வரிசை நீளவாக்குலயும் அடுத்த வரிசை குறுக்காவும் வெச்சா சந்து மேல சந்து வராது.”

இதைப் புத்தகம் சொல்லவில்லை. நானும் யோசித்ததில்லை. நோட்டுப் புத்தகத்தை அடுக்கிக் காட்டினான். மூன்றாவது வரிசையில் சரிந்தது என்றாலும் விஷயம் புரிந்துவிட்டது.

அடுத்த பீரியட் கணக்கு. அதே வகுப்பு, அதே கரும்பலகை, இடது பக்கம் செங்கல் அழிக்கப்படாமல் இருக்கிறது. விகிதத்தை எளிய வடிவில் எழுதப் பழக்க வேண்டும். பின்னத்தில் இருக்கிற மாதிரி ஏதாவது ஒன்று வேண்டுமே என்று தேடியபோது ஐயா சொன்னது ஞாபகம் வந்தது. மெய், குறில், நெடில்: அரை, ஒன்று, இரண்டு. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கு என்றேன். பெருக்கினார்கள். 1:2:4.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கடைசி பெஞ்சு: “டீச்சர், செங்கல்!”

எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. அடுத்த நிமிடமே பயமும் வந்தது. ‘சிந்துவெளிச் செங்கலில் தமிழ் இலக்கணம், விஞ்ஞானிகள் வியப்பு’ என்று நாளைக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதை எனக்கே யாராவது அனுப்புவார்கள். அதனால் அங்கேயே நிறுத்திச் சொன்னேன்: இதற்கும் அதற்கும் உறவு இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பாதி, முழுசு, இரட்டிப்பு என்பது எந்த ஊரிலும் யாருக்கும் முதலில் தோன்றக்கூடிய அளவு. அவ்வளவுதான். பிள்ளைகள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஐயா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. “அதுவும் ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுதான்.” சிந்துவெளியில் கிடைத்த சிறிய எடைக் கற்களும் அப்படியே 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டு போகின்றன. ஏன் இரட்டிப்பு என்பதைக் கணக்குப் பீரியடில் பார்த்தோம். 1, 2, 4, 8 என்று நாலே நாலு கல் இருந்தால் போதும், 1 முதல் 15 வரை எதையும் நிறுத்துவிடலாம். 11 வேண்டுமா, 8, 2, 1. 13 வேண்டுமா, 8, 4, 1. கூழாங்கல்லில் எண் எழுதி விளையாடினார்கள். வகுப்பில் நாலைந்து பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தலே இன்னும் தடுமாற்றம். எளிய வடிவம், சமவிகிதம் எதுவும் அவர்களுக்கு இந்தப் பருவத்தில் ஏறவில்லை, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கூழாங்கல்லில் தோற்கவில்லை.

சூரியக் குடும்பத்தை வேகமாகக் கடந்தோம். சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தூரம். நம் முறையில் 15,00,00,000. பன்னாட்டு முறையில் 150,000,000. காற்புள்ளி இடம் மாறுகிறது, தூரம் மாறவில்லை. மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் விமானத்தில் ஏறினால்? 1,87,500 மணி நேரம். அதை 24-ஆல் வகுத்து, 365-ஆல் வகுத்து, 21 வருஷம் என்று கண்டுபிடிக்க ஒரு பீரியட் ஆயிற்று. “போய்ச் சேரும்போது எனக்கு 32 வயசு” என்றான் ஒருத்தன். ஒளிக்கு எட்டு நிமிடம் சொச்சம் என்றதும் அவனுக்கு விமானத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

செங்கல் செய்து பார்க்கலாம் என்று கேட்டது பிள்ளைகள்தான். ஊர் ஆசாரி ஒருவரிடம் மர அச்சு சொன்னேன். ஒரு சென்டிமீட்டர், இரண்டு, நாலு என்றால் தீப்பெட்டி மாதிரி ஆகிவிடும் என்று அவரே 1 இஞ்ச், 2 இஞ்ச், 4 இஞ்சில் செய்து கொடுத்துவிட்டார். வகுப்பில் கவலை. பாடத்தில் சென்டிமீட்டர், அச்சில் இஞ்ச், மார்க்குப் போய்விடுமா? அளந்து பார்த்தார்கள்: 2.5, 5.1, 10.2. விகிதம் ஏறத்தாழ அதேதான். எந்த அலகில் அளந்தாலும் விகிதத்துக்குக் கவலையில்லை என்பதை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை. கண்மாய் மண்ணும் வைக்கோல் தூளும் குழைத்து 30 கல் அறுத்து, சமையல் கூடத்துக்குப் பின்னால் காயப் போட்டோம். 11 விரிசல் விட்டது. நாலை ஆடு மிதித்தது. மிச்சம் இருந்தவை காய்ந்து சுருங்கிவிட்டன: 2.3, 4.7, 9.4. எல்லாப் பக்கமும் ஒன்றுபோலச் சுருங்கியதால் விகிதம் பிழைத்துக்கொண்டது. கொத்தனார் மகன் மட்டும் இது முன்பே தெரியும் என்பதுபோல் நின்றான்.

பழைய நகரங்கள் பாடத்தில் பூம்புகார் வருகிறது. அன்றைக்கு ஐயாவையே வகுப்புக்கு அழைத்தேன். பட்டினப்பாலை அந்த ஊர் வணிகர்களைப் பற்றிச் சொல்வதை அவர் ராகமாகவே சொன்னார்: ‘கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது.’ வாங்கும்போது அதிகமாக வாங்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள். பூக்காரம்மா மகள் உடனே, “எங்க ஊரு கமிஷன் கடையில பூ ஈரமா இருக்குன்னு எடையில கழிச்சுக்குவாங்க. நாங்க வாங்கும்போது மட்டும் ஈரத்தைக் கழிக்க மாட்டாங்க” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. அந்த வரியை இன்னொரு முறை, ராகமில்லாமல் சொன்னார்.

செப்டம்பரில் பருவத் தேர்வு. ஊரில் எல்லாருக்கும் அது இன்னும் காலாண்டுப் பரீட்சைதான். தேர்வுக்கு 60 மதிப்பெண், வளரறி மதிப்பீட்டுக்கு 40. பிள்ளைகள் செய்த செயல்பாடுகளை அந்தந்தப் பாடத்துக்குக் கீழே தனித்தனியாகப் பதிய வேண்டும். செங்கல்லை எதில் எழுதுவது? விகிதம் என்று கணக்கில் எழுதினால், அளந்தது அறிவியல். அறிவியலில் எழுதினால், அது சிந்துவெளி. ஐயா, “மெய், குறில், நெடில்னு போட்டு என் பக்கம் எழுதுங்க, எனக்கு இந்தப் பருவம் செயல்பாடு குறையுது” என்றார். விடுப்பு முடிந்து வர இன்னும் நாள் இருக்கும் சமூக அறிவியல் டீச்சர் போனில் உரிமை கொண்டாடினார்: “செங்கல் என் பாடம், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது.” கடைசியில் நான் கணக்கில் எழுதிவிட்டேன்.

மிச்சமிருந்த செங்கற்களில் ஒன்று தலைமையாசிரியர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. ஆய்வுக்கு வந்த அலுவலர் அதைக் கையில் எடுத்து, “இது எதுக்கு?” என்று கேட்டாராம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அந்த நேரத்தில் உள்ளே போன ஆறாம் வகுப்பு லீடர் சொன்னானாம்: “தமிழ் இலக்கணம் சார்.”